ஐரோப்பாவுக்குப் போன என் பை

நெய்யாற்றின்கரையிலிருந்து களியக்காவிளைக்கு. களியக்காவிளையிலிருந்து திரும்ப நெய்யாற்றின்கரைக்கு. நடுவில் சில வருடங்கள் நாகர்கோவில் வரைக்கும். இருபத்து நாலு வருடம் கேரள அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன். பாறசாலைக்காரர்களுக்கு என் முகம் மறந்திருக்கலாம், குரல் மறந்திருக்காது. உள்ளே ஏறு, படியில் நிற்காதே, சில்லறையைக் கையில் எடுத்து வை. மற்றவர்களை அவரவர் இடத்தில் இறக்கிவிட்டே காலம் போனது. நான் எங்கேயும் இறங்கிப் பார்த்ததில்லை.

ஓய்வு பெற்றதும் இஸ்தான்புல்லுக்குப் போவதாகச் சொன்னேன். ஏன் இஸ்தான்புல் என்று கேட்காத ஆள் உதியன்குளங்கரை ஜங்ஷனில் இல்லை. ஒரே நகரம் பாதி ஆசியாவிலும் பாதி ஐரோப்பாவிலும் கிடக்கிறது என்று எப்போதோ பத்திரிகையில் படித்திருந்தேன். அன்றைக்கு மனதில் விழுந்தது. நான் எல்லையில் பிறந்து எல்லையில் சம்பளம் வாங்கியவள். பாறசாலையில் மலையாளத்தில் சண்டை போட்டு களியக்காவிளையில் தமிழில் சமாதானம் ஆகிற ஆட்கள் நாங்கள். எல்லை தாண்டினால் கோழி விலை மாறும், பெட்ரோல் விலை மாறும், போர்டில் எழுத்து மாறும், பஸ்ஸின் நிறம் மாறும். மாநில எல்லைக்கே இத்தனை கூத்து என்றால் கண்டத்தின் எல்லையில் என்னவெல்லாம் நடக்கும் என்று பார்க்க ஆசை.

என்னோடு வருவதாக இருந்தவள் ஆரியங்கோட்டு ஓமனா. அவளும் கண்டக்டர்தான். கிளம்ப நாலு நாள் இருக்கும்போது அவள் மகளுக்குப் பிரசவ வலி ஒரு மாதம் முந்திக்கொண்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு ஓமனா சொன்னாள். "சரோஜம், நான் வரல்லேண்ணு நீ இருந்திரப்பிடாது. நீ போவணும் ஆக்கும்."

என் மகன் ஷிபு வேறு மாதிரிச் சொன்னான். அவன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான், கல்யாணம் ஆகவில்லை. அவன் அப்பா போன பிறகு வீட்டில் நான் மட்டும்தான். போன மழையில் முற்றத்தில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டார் வந்து தூக்கும்வரை எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். அன்றிலிருந்து என்னைப் பெங்களூருக்குக் கொண்டுபோவது என்று முடிவு செய்துவிட்டான். வீட்டுக்கு வாடகைக்கு ஆள்கூடப் பார்த்து வைத்திருந்தான். இப்போது தனியாக வெளிநாடு என்றதும் நாலு நாளும் போனில் வாதம். கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். நான் போகலாம். அங்கே ஒரே ஒரு தடவை உதவி கேட்டு அவனைக் கூப்பிட்டாலும், திரும்பி வந்ததும் வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு பெங்களூருக்குப் போகவேண்டும். கூப்பிடாமல் ஏழு நாளை முடித்தால், அந்தப் பேச்சை அவன் எடுக்கவே கூடாது. சரி என்றேன். என் வீடு, என் கிணறு, முற்றத்தில் நிற்கிற ஆறு மூடு தென்னை, எல்லாவற்றையும் பணயம் வைத்துத்தான் விமானம் ஏறினேன்.

முதல் நாள் காதிக்கோய் என்ற பகுதியில், ஆசியப் பக்கத்தில், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தங்கினேன். லிஃப்ட் கிடையாது. படிக்கு ஒரு பூனை. வீட்டுக்காரி மெரால் என் வயதுக்காரி, இங்கிலீஷ் என்னளவுக்குத்தான். காலையில் ஒரு தட்டு கொண்டுவந்து வைத்தாள். வெள்ளரிக்காய், தக்காளி, வெண்ணெய்க்கட்டி, கறுப்புக் காய் ஒன்று, அவித்த முட்டை. தொட்டுக்கொள்ள இத்தனை இருக்கிறதே, தொட்டுக்கொண்டு தின்ன வேண்டிய சாதனம் எப்போது வரும் என்று காத்திருந்தேன். கடைசியில் ரொட்டி வந்தது. மரச்சீனிக் கிழங்கு அவித்து மீன்குழம்பு ஊற்றித் தின்று வளர்ந்த வயிறு முதலில் முறைத்தது, பிறகு சமாதானம் ஆனது. பாலில்லாத சாயாவை இடுப்பு ஒடுங்கிய சின்ன கிளாஸில் தந்தாள். மூன்று கிளாஸ் குடித்தேன்.

இரண்டாம் நாள் ஐரோப்பாவுக்குப் போனேன். போக்குவரத்துப் படகு, இருபது நிமிடம்தான். பாதிக் கடலில் எல்லை வரும் என்று எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு போர்டு, ஒரு மிதவை, ஒரு போலீஸ்காரராவது இருக்கவேண்டாமா? ஒன்றுமில்லை. சாயாத் தட்டோடு ஒருவர் நடந்து போனார். ஒரு பெண் எள் தூவிய வளைய ரொட்டியைப் பிய்த்துக் கடல்காக்கைகளுக்கு எறிந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த பெரியவரிடம் ஐரோப்பா எங்கே தொடங்குகிறது என்று கையைக் காட்டிக் கேட்டேன். அவர் நாக்கை 'ச்' என்று தட்டித் தலையை மேலே தூக்கினார். தெரியாது, அல்லது இல்லை. நம் ஊரிலும் இல்லை என்பதற்கு இதே 'ச்'தான். பாஷை தெரியாத ஊரில் முதலில் புரிந்த வார்த்தை அதுவாக இருந்தது.

பெரிய பள்ளிவாசல்களைப் பற்றியும் சுல்தானின் அரண்மனையைப் பற்றியும் நான் எழுதப்போவதில்லை. பார்த்தேன், வாய் பிளந்தேன், கால் வலித்தது. அதையெல்லாம் எழுதப் படித்தவர்கள் இருக்கிறார்கள். எனக்குச் சொல்ல இருப்பது சாப்பாடும் பஸ்ஸும்தான்.

சாப்பாட்டில் ஒன்று சொல்லியாக வேண்டும். டிப்போ கேன்டீனில் நின்றபடி விழுங்கியிருக்கிறேன். கல்யாண வீடுகளில் பந்தியில் தின்றிருக்கிறேன். கணவரோடும் மகனோடும் ஓட்டலுக்குப் போயிருக்கிறேன். ஆனால் ஒரு மேசையில் நான் மட்டும் உட்கார்ந்து, எனக்கு என்ன வேண்டும் என்று யோசித்து, அதைக் கேட்டு வாங்கி, மெதுவாகத் தின்றது ஐம்பத்தாறு வயதுவரைக்கும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் மதியம் மீன் சந்தைப் பக்கத்துக் கடையில் அது நடந்தது. சிப்பிக்குள் சோறு அடைத்து எலுமிச்சை பிழிந்து தருகிறார்கள். விழிஞ்ஞத்துச் சிப்பி வறுவலை நினைத்துக்கொண்டு ஒன்றை வாயில் போட்டேன். பிறகு விழிஞ்ஞத்தை மறந்துவிட்டேன். பன்னிரண்டு தின்ற பிறகு உப்புப் போட்ட மோர் ஒரு பெரிய கிளாஸ். எவளுக்கும் பரிமாற வேண்டாம், எவனுக்கும் மிச்சம் வைக்க வேண்டாம். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கடைக்காரர் ஏதோ சொன்னார், அடுத்த மேசைக்காரர் இங்கிலீஷில் மாற்றிச் சொன்னார். "இந்தியாக்காரர்கள் கூட்டமாகத்தான் வருவார்கள், இந்த அம்மா ஒற்றைக்கு ஒரு கூட்டம் தின்கிறார்." எனக்கு அது பாராட்டாகவே பட்டது.

அன்று மாலை ஷிபு கூப்பிட்டான். தினமும் அவன் வேலை முடிந்ததும் கூப்பிடுவான், இங்கே ஐந்தரை மணி இருக்கும். ஏதாவது பிரச்சினை உண்டா என்பது முதல் கேள்வி. ஒன்றும் இல்லை என்பேன். அதோடு வைத்துவிடுவான் என்று பார்த்தால் வைக்கமாட்டான். என்ன தின்றேன், பக்கத்து வீட்டில் யார், பூனைகளுக்கு யார் சோறு வைக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பான். எங்கே தடுக்கி விழுவேன் என்று துப்பு துலக்குகிறான் என்று நினைத்து நானும் உஷாராகவே பதில் சொன்னேன்.

நாலாம் நாள் பஸ். கண்டக்டர் இல்லாத பஸ்ஸில் எனக்கு உட்காரவே முடியவில்லை. முன்வாசலில் ஒரு இயந்திரம் இருக்கிறது, கார்டைத் தட்டினால் சத்தம் வரும். யார் தட்டுகிறார்கள், யார் தட்டாமல் நழுவுகிறார்கள் என்று என் கண் தானாகப் பார்த்தது. ஒரு நிறுத்தத்தில் கூட்டம் நெரித்து, பத்துப் பேர் பின்வாசல் வழியாக ஏறிவிட்டார்கள். இவர்கள் ஓசிப் பயணம்தான் என்று கோபமாக நினைத்தேன். அப்போது பின்னாலிருந்து ஒரு கை என் தோளைத் தொட்டு ஒரு கார்டைக் கொடுத்தது. முன்னால் கொடுக்கவேண்டுமாம். என் கையிலிருந்து அடுத்த கை, அதிலிருந்து அடுத்தது, இயந்திரத்தில் சத்தம், அதே வழியாகக் கார்டு திரும்பி வந்தது. பள்ளிக்கூட நேரத்து நெய்யாற்றின்கரை பஸ்ஸில் காசும் டிக்கெட்டும் தலைக்கு மேலே போய் வருவது போலவே.

எனக்கு உடம்பு முறுக்கேறிவிட்டது. நடுவில் நல்ல இடமாகப் பார்த்துக் காலை அகற்றி நின்றேன். பின்னாலிருந்து வந்த கார்டுகளை நாலு நாலாக விரல்களுக்கு நடுவில் வாங்கி முன்னால் அனுப்பினேன். திரும்பி வந்தபோது நீலத் தொப்பிக்கு இது, குழந்தை வைத்திருப்பவளுக்கு இது, மீசைக்கு இது என்று ஆள் மாறாமல் கொடுத்தேன். முகத்தையும் டிக்கெட்டையும் சேர்த்து ஞாபகம் வைப்பதற்குத்தானே அரசாங்கம் இத்தனை வருடம் சம்பளம் தந்தது. ஒரு கிழவி சத்தமாக ஏதோ கேட்டாள், பஸ்ஸே சிரித்தது. கல்லூரிப் பெண் ஒருத்தி மொழிபெயர்த்தாள். "உங்களை எந்த டிப்போவிலிருந்து அனுப்பினார்கள் என்று கேட்கிறார்." பாறசாலை என்றேன். கிழவி தெரிந்த ஊர் போலத் தலையாட்டினாள்.

ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் வழி தவறித் தவறி நடந்தேன். வழி தவறினால் தவறட்டும், காத்திருப்பவர் யாரும் இல்லை. மலை மேலே ஒரு தெருவில் துணி காயப்போடும் பெண்களோடு அரைமணி நேரம் பேசினேன். அவர்கள் துருக்கி மொழியில், நான் மலையாளத்தில். எதற்கு மலையாளம் என்றால், எங்கள் பக்கத்தில் அறியாத ஆளிடம் முதலில் வாயில் வருவது அதுதான். மெரால் என் கையால் ஒரு கறி வேண்டும் என்றாள். பருப்பு சூப் வைக்கிற பாத்திரத்தில் தேங்காய் இல்லாமல் ஒரு பருப்புக்கறி வைத்துக் கொடுத்தேன். இருவரும் ரொட்டியில் தோய்த்துத் தின்றோம். ஆறு நாள் முடிந்துவிட்டது, இனி யார் என்னை என்ன செய்யமுடியும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

ஏழாம் நாள் சாயங்காலம் விமானம். விமான நிலையம் ஐரோப்பாப் பக்கத்தில். மெரால் டாக்ஸி பிடித்துத் தருகிறேன் என்றாள், கண்டக்டர் டாக்ஸியில் போகமாட்டாள் என்று சொல்லிவிட்டு முற்பகலிலேயே கிளம்பினேன். பெரிய பாலத்தைக் கடக்கும் பஸ் ஒன்று உண்டு, தனக்கென்று தனிப்பாதையில் ஓடும். பாலம் தாண்டியதும் முதல் நிறுத்தத்தில் இறங்கி மெட்ரோ பிடிக்கவேண்டும். பாஸ்போர்ட்டைத் தோள்பையில் வைக்காமல் பெரிய நீலப் பையின் பக்கவாட்டு ஜிப்பில் வைத்துப் பூட்டியிருந்தேன். கூட்டத்தில் களவு போவது தோள்பைதான், பெரிய பையைத் தூக்கிக்கொண்டு எந்தக் கள்ளனும் ஓடமாட்டான். அதுவும் கண்டக்டர் புத்தி.

அந்த ஊரில் எல்லா வண்டியும் வலப்பக்கம் ஓட, இந்தப் பஸ் மட்டும் தன் பாதையில் நம் ஊர் மாதிரி இடப்பக்கம் ஓடியது. ஒரு வாரத்துக்குப் பிறகு சொந்த ஊர்ச் சாலையில் போகிற சுகம். கண் சொக்கியது. பாலத்துக்கு முந்தின நிறுத்தத்தில் பஸ் நின்றது. முன்வாசல் வழியாக இரண்டு போலீஸ்காரர்கள் ஏறினார்கள். பாதிக் கூட்டம் மடமடவென்று இறங்கியது.

இங்கே எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லவேண்டும். நாகர்கோவில் பஸ்ஸில் வரும்போது எல்லைப் பக்கத்துச் செக்போஸ்ட்டில் சாராயம், கஞ்சா என்று சோதனை நடக்கும். ஓணம் நெருங்கினால் தினமும் உண்டு. யூனிஃபார்ம் ஏறியதும் பயணிகள் இறங்கவேண்டும். பை சீட்டிலேயே இருக்கவேண்டும், கையில் எடுத்தால் சந்தேகம். சோதனை முடிந்து பஸ் தடுப்பைத் தாண்டிப் போய் நிற்கும், எல்லாரும் நடந்து போய் ஏறுவார்கள். பை இருக்கட்டும், ஆள் இறங்கு என்று நானே எத்தனை ஆயிரம் தடவை கத்தியிருப்பேன்.

எல்லை, போலீஸ், இறங்குகிற கூட்டம். நான் யோசிக்கவே இல்லை. நீலப் பையை சீட்டில் நிமிர்த்தி வைத்துவிட்டு, எடுத்துக்காட்டான பயணியாக இறங்கி, பஸ்ஸிலிருந்து நாலடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். போலீஸ்காரர்கள் மயங்கிக் கிடந்த ஒருவரைத் தாங்கி இறக்கினார்கள். இறங்கிய கூட்டம் படியேறி வேறு பஸ்ஸுக்குப் போய்விட்டது. கதவுகள் மூடின. பஸ் பாலத்தில் ஏறியது. என் பையும் பாஸ்போர்ட்டும் ஐரோப்பாவுக்குப் போயின, நான் ஆசியாவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அந்தப் பஸ் பாலம் தாண்டி நகரத்தின் மறுகோடி வரைக்கும் போகிற பஸ். பாஸ்போர்ட் இல்லாவிட்டால் விமானம் இல்லை. போன் கையில்தான் இருந்தது. எடுத்தேன், ஷிபுவின் பெயர் முதலில் நின்றது. கூப்பிட்டால் அவன் திட்டமாட்டான். 'செரி அம்மா, நான் பாத்துக்கிடுதேன்' என்பான், பொறுமையாக, அன்பாக. அந்தப் பொறுமையை நினைத்ததும் போனை இடுப்பில் சொருகினேன். என் பஸ்ஸில் பையை விட்டுவிட்டு அழுதுகொண்டு வந்த பெண்களிடம் நான் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. பஸ் நம்பர் என்ன? ஒருத்திக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். வண்டி நம்பரை எழுதாமல் ஒரு ட்ரிப்பும் தொடங்கியதில்லை, இன்றைக்கும் நம்பரைப் படிக்காமல் எந்தப் பஸ்ஸிலும் கால் வைக்கமாட்டேன்.

நிறுத்தத்தின் கண்ணாடி அறையில் தலையில் துணி கட்டிய ஓர் இளம்பெண் வாக்கிடாக்கியோடு இருந்தாள். அவள் முன்னால் ஒரு காகிதத்தை வைத்து எழுதினேன். வண்டி நம்பர். கிளம்பிய நேரம். பஸ்ஸின் படம் வரைந்து, நடுவாசலுக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில் ஒரு கட்டம். அதன்மேல் ஒரு பை. அவள் காகிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாக்கிடாக்கியில் நம்பரை இரண்டு தடவை சொன்னாள். பிறகு இருவரும் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஏழு நிமிடம். அதற்குள் என் வீட்டை மூன்று தடவை பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

பெட்டி கரகரத்தது. அவள் முகம் மலர்ந்தது. போனில் தட்டி இங்கிலீஷில் காட்டினாள். "பை கிடைத்தது. பாலத்துக்கு அப்பால் முதல் நிறுத்தத்தில் வைத்திருக்கிறார்கள். வண்டி நம்பர் உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று டிரைவர் கேட்கிறார்."

நான் அவள் போனை வாங்கி ஒரே வார்த்தை தட்டினேன். கண்டக்டர். அவள் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கி, அடுத்த பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்திலேயே ஏற்றிவிட்டாள்.

அந்தப் பாலத்தை நான் கடந்ததைச் சொல்ல எனக்குத் தமிழ் போதாது. கீழே அத்தனை ஆழத்தில் நீலக் கடல், கப்பல்கள், வெயில். ஓரத்தில் ஐரோப்பாவுக்கு நல்வரவு என்று ஒரு போர்டு. நான் ஆறு நாளாகத் தேடிய போர்டு. பஸ்ஸில் யாரும் தலை தூக்கிப் பார்க்கவில்லை. நான் மட்டும் சத்தமாகச் சிரித்தேன், டிரைவரும் காரணம் தெரியாமல் சிரித்தார். பாலத்துக்கு அப்பால் இறங்கிய நிறுத்தத்தின் அறையில், பைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். பாஸ்போர்ட், இரண்டு சேலை, பிரிக்காத நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட் ஒன்று என்றேன். திறந்து பார்த்தார்கள். சிப்ஸ் அங்கேயே தங்கிவிட்டது, நான்தான் பிரித்துக் கொடுத்தேன்.

ஐந்தரை மணிக்கு விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோது ஷிபு கூப்பிட்டான். ஏதாவது பிரச்சினை உண்டா என்று கேட்டான். சொல்லாமல் விட்டிருந்தால் அவனுக்குத் தெரியவே போவதில்லை. ஆனால் இப்படி ஒரு வெற்றியை விழுங்கி வைக்க என்னால் ஆகாது. போலீஸ் ஏறியது முதல் சிப்ஸ் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் கேட்டது நான் கூப்பிடாததைப் பற்றி.

"அப்பமும் என்னை விளிக்கத் தோணேல்லியா அம்மா?" என்றான்.

"விளிக்க வேண்டி வரல்ல மக்கா. நான் ஜெயிச்சாச்சு ஆக்கும்."

"ஜெயிச்சிய. செரிதான்," என்றான். "ஒருக்கலாவது விளிப்பியண்ணு ஏழு நாளும் போனக் கையில வச்சிட்டே இருந்தேன். இஞ்ச என்னை ஒருத்தரும் ஒண்ணுக்கும் விளிக்கதில்ல அம்மா. வேல முடிஞ்சு வந்தா மிண்டதுக்கு, பேசதுக்கு ஆளில்ல."

ஏழு நாளும் அவன் போனை வைக்காமல் எதையெதையோ கேட்டது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் விழுந்து கிடந்தது அவனுக்கு ஒரு சாக்கு. என்னால் தனியாக இருக்க முடியுமா என்று இருவரும் வாதாடிக்கொண்டிருந்தோம், முடியாமல் இருந்தது அவனுக்கு. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு எழுந்து நின்றேன். பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார், பார்க்கட்டும் என்று விட்டேன்.

"எலே, கேளு," என்றேன். "வீட்ட யாருக்கும் குடுக்கப்பிடாது. அது பேசி முடிஞ்சது. என்னை நீ பாத்துக்கவும் வேண்டாம். உன்னைப் பாக்க நான் வாறேன்."

"எப்பம் வருவிய?" என்றான்.

நான் விடிகாலை டியூட்டிக்குக் கிளம்பும்போதெல்லாம் பாயில் கிடந்தபடி அவன் கேட்ட கேள்வி அது. கடைசி ட்ரிப் முடிஞ்சு வாறேன் என்றுதான் எத்தனையோ வருடம் சொல்லியிருக்கிறேன். இந்த முறை தேதியைச் சொன்னேன்.